தொடையெலும்பிற்கு ஆணி கண்ட கெர்ஹார்ட் குன்ட்ஷர்

தோற்றுவாய்

மூல வைகை வருஷநாட்டு மலையினின்றும் இறங்கி வரும் வழியில் கடமலைக்குண்டு என்னும் ஊர் உளது. நாம் பிறந்து வளர்ந்தது அப்பகுதியிலேயாம். அங்கு இலவ மரங்கள் மிகுதி. வேனிற்காலம் வந்துற்றால் காய் பறிக்குந் தொழில் தொடங்கிவிடும். நேரே ஓங்கி வளர்ந்த அம்மரங்களில் ஏறுவோர் தம் உயிரைத் தம் இரு பாதங்களிடத்தே ஒப்புவித்து ஏறுகின்றனர். கால் வழுவி வீழ்ந்து எலும்பு முறிபட்டாரும் உளர்.

அங்ஙனம் வீழ்ந்தாருள் நம் அண்டை வீட்டினர் ஒருவர். அவரை நாம் மாமா என்றழைப்பது வழக்கம். அவருக்குத் தொடையெலும்பு முறிந்தது. தூரத்து நகரொன்றில் இரண சிகிச்சை செய்து, எலும்பினுள்ளே ஓர் உருக்குக் கம்பி செலுத்தினர். சில மாதங்களில் எலும்பு கூடிற்று. கோலை யெறிந்துவிட்டு நடக்கலானார். ஆயினும் அவருடைய வலப்பாதம் நேரே நோக்காமல் வெளிப்புறமாகத் திரும்பியே நின்றது. வரப்பின் மேல் நடக்குங்கால் விரல்கள் வரப்பை விட்டு விலகின. மரத்தில் உந்தி யேறப் பாதம் இசையவில்லை. மாலையில் முழங்கால் வலித்தது. ஊரார் அதனைப் பழக்கக் கேடென்றனர். எக்ஸ்ரே படத்தை நோக்கிய வைத்தியரோ எலும்பு செவ்வையாகக் கூடியுளது என்றனர். வைத்தியர் கூற்றில் பொய்யில்லை. எலும்பு கூடியே யிருந்தது. ஆனால் திருகிக் கூடியிருந்தது.

அக்கம்பியை உலகிற்கு அளித்தவர் யாவர், அவர் அளித்த கொடையில் இக்குறை எங்ஙனம் நுழைந்தது, அதனை அவர் அறிந்திருந்தாரா என்று நாம் தேடப் புகுந்தேம். அத்தேட்டத்தின் பயனே இச்சரிதம்.

ஆணிக்கு முன்

மனித உடம்பிலுள்ள எலும்புகளுள் மிக நீண்டதும் வலியதும் தொடையெலும்பே. அது முறியுமாயின் அதனைச் சூழ்ந்த பெருந்தசைகள் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இழுத்துவிடும், கால் குறுகும், உள்ளே உதிரம் பெருகும். லிவர்ப்பூல் நகரத்து ஹ்யூ ஓவன் தாமஸ் என்பார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு நீண்ட இரும்புச் சட்டத்தை அமைத்துக் காலை நீட்டி நிறுத்த வழி கண்டார். முதல் உலக யுத்தத்தில் அச்சட்டம் அளவிறந்த சேனைவீரரைக் காத்தது. எனினும் நோயாளி எடை கட்டித் தொங்கவிட்ட காலுடன் இரண்டு மூன்று மாதம் மல்லாந்தே கிடத்தல் வேண்டும். முதுகில் படுக்கைப் புண், நுரையீரலில் சளி, முழங்கால் மரத்துப்போதல் ஆகிய இவை தொடர்ந்து வரும். உழைத்துண்ணும் குடியில் அத்தனை நாள் ஒருவன் படுத்தல் அடுப்பு அணைதற்கு ஒப்பாம்.

பிறப்பும் கல்வியும்

இந்நிலையை மாற்றத் தோன்றிய கெர்ஹார்ட் குன்ட்ஷர் 1900ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 6ஆம் தேதி ஜெர்மனி தேசத்துச் சாக்ஸனி நாட்டில் ஸ்விக்காவ் என்னும் நகரில் பிறந்தார். வூர்ட்ஸ்பர்க், ஹாம்பர்க், ஜேனா ஆகிய இடங்களிலுள்ள சர்வகலாசாலைகளில் வைத்திய சாஸ்திரம் பயின்றார். 1930ஆம் ஆண்டில் பால்டிக் கடற்கரையிலுள்ள கீல் நகரத்துச் சர்வகலாசாலையின் இரண சிகிச்சைப் பகுதியிற் சேர்ந்தார். அவருடைய பெயரோடு என்றும் பிரியாது நிற்கும் ஊர் அதுவேயாம்.

கீலில் அவர் முதலில் ஆராய்ந்தது எலும்பை ஒட்டுவிக்கும் வழியன்று. எலும்பு பாரத்தை எங்ஙனம் தாங்குகின்றது என்பதே. எலும்பின் மேல் ஒருவகை மெருகுப் பூச்சைப் பூசி உலர்த்திப் பின்னர் அதன்மீது பாரத்தை ஏற்றினார். விசை மிகுந்த இடங்களில் அப்பூச்சு கோடு கோடாக வெடித்தது. அக்கோடுகளை நோக்கி, பாரம் எலும்பின் எப்பகுதி வழியே செல்கின்றது என்பதைக் கண்கூடாக அறிந்தார். எந்திர நூல் வல்லார் பாலத்தை ஆராய்வதைப் போல அவர் எலும்பை ஆராய்ந்தார். பிற்காலத்து அவர் செய்தவை யாவும் இவ்வித்தினின்று முளைத்தனவே என்று நாம் கருதுகின்றோம்.

ஆணி பிறந்த வரலாறு

பாஸ்டன் நகரத்து ஸ்மித்-பீட்டர்சன் என்னும் அமெரிக்க வைத்தியர், இடுப்பை யொட்டிய தொடையெலும்பின் கழுத்து முறிந்தவிடத்து மூன்று இறகுள்ள ஓர் ஆணியைச் செலுத்தி வெற்றி பெற்று, 1931ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டிருந்தார். கழுத்திற்கு ஆணி பயன்படுமாயின் தண்டிற்கு ஏன் பயன்படலாகாது என்று குன்ட்ஷர் எண்ணினார். தொடையெலும்பு மூங்கிலைப் போல உள்ளே துவாரமுடையது. அத்துவாரத்தில் மஜ்ஜை நிறைந்துளது. மேலே இடுப்புப் புறத்தினின்று அத்துவாரத்தின் வழியே ஒரு நீண்ட உருக்காணியைச் செலுத்தினால் முறிந்த இரு துண்டுகளும் ஒரே அச்சில் கோக்கப்படும். பாரம் எலும்பின் நடுவே இறங்கும். நோயாளியும் விரைவில் எழுந்து நடக்கலாம். இதுவே அவருடைய கருத்தின் சாரம்.

கருத்து எளிது, கருவி எளிதன்று. ஆணி துவாரத்தினுள் தளர்ந்து ஆடலாகாது. இறுகி எலும்பைப் பிளத்தலும் ஆகாது. கீல் நகரில் வைத்தியக் கருவிகள் செய்துவந்த எர்ன்ஸ்ட் போல் என்னும் வல்லுநர் இவருக்குத் துணை நின்றார். முதலில் ஆணியின் குறுக்கு வடிவம் இரண்டு தகடுகள் கூடிய ஆப்பு வடிவாக இருந்தது. பின்னர் மூவிதழ்ப் பூண்டின் இலை போன்ற வடிவம் பெற்றது. அவ்வடிவமுடைய ஆணி உள்ளே செல்லுங்கால் சற்றே ஒடுங்கி, சென்றபின் விரிந்து, எலும்பின் உட்சுவரைப் பற்றிக்கொள்ளும். குன்ட்ஷரின் புகழைப் பாடுவோர் போலின் கைத்திறனை மறத்தல் நன்றியன்று.

விலங்குகளில் சோதித்துப் பார்த்த பின்னர் 1939ஆம் ஆண்டு நவம்பரில் முதன்முதலாக ஒரு மனிதனது தொடையெலும்பில் அவ்வாணியைச் செலுத்தினார். அடுத்த ஆண்டு மார்ச்சு மாதத்தில் பெர்லினில் கூடிய ஜெர்மானிய இரண வைத்தியர் மகாசபையில் தாம் கண்டதை எடுத்துரைத்தார். சபையோர் பலர் ஏற்கவில்லை. மஜ்ஜையை அழித்தால் எலும்பு கூடுமோ, கொழுப்பு உதிரத்திற் கலந்து உயிரைக் கொள்ளாதோ, இத்தனை பெரிய உருக்கை உடம்பு பொறுக்குமோ என்று ஐயங்கள் எழுந்தன. அவற்றுள் எதுவும் மூடத்தனமானதன்று. குன்ட்ஷர் சொல்லால் விடையிறுத்தலினும் நடந்து செல்லும் நோயாளிகளால் விடையிறுக்கவே முனைந்தார். எலும்பு முறிவுச் சிகிச்சையில் அக்காலத்துத் தலைநின்ற வியன்னா நகரத்து லோரன்ஸ் போலர் என்பாரும் அம்முறையைக் கைக்கொண்டார்.

யுத்த காலம்

அப்பொழுது உலகம் இரண்டாம் யுத்தத்தில் மூழ்கியிருந்தது. குன்ட்ஷர் ஹிட்லர் ஆட்சியின் சேனையில் வைத்தியராகப் பணிபுரிந்தார் என்பதை மறைத்தல் சரிதம் எழுதுவோர்க்கு அழகன்று. அவர் பின்லாந்து தேசத்தின் வடபகுதிக்கு அனுப்பப்பட்டார். அந்நாட்டு வைத்தியர் அவரிடம் இச்சிகிச்சையை நேரிற் கற்றனர்.

நேச தேசங்களுக்கு இவ்வாணியின் செய்தி எட்டிய விதம் விந்தையானது. ஜெர்மனியில் சிறைப்பட்டிருந்த வீரர் தம் நாடு மீண்டபொழுது அவர்தம் தொடையை எக்ஸ்ரே படம் பிடித்த வைத்தியர், எலும்பின் உள்ளே இடுப்பிலிருந்து முழங்கால் வரை ஓர் உருக்குத் தண்டு கிடப்பதைக் கண்டு திகைத்தனர். அவ்வீரரோ முறிவுண்ட சின்னாட்களிலேயே எழுந்து நடந்ததாகக் கூறினர். அமெரிக்காவின் டைம் வாரப் பத்திரிகை 1945ஆம் ஆண்டு மார்ச்சில் இதனை வியந்து எழுதிற்று. அவ்வாண்டிலேயே குன்ட்ஷரும் ரிச்சர்ட் மாட்ஸ் என்பாரும் இம்முறையை விளக்கி எழுதிய நூல் வெளிவந்தது. போர் பிரித்த தேசங்களை ஒரு நோயாளியின் தொடையிற் கிடந்த இரும்பு இங்ஙனம் ஒருவர்க்கொருவர் மாணாக்கராக்கியது.

மூடிய கதவின் நன்மையும் விலையும்

யுத்தம் முடிந்தபின் அவர் ஷ்லெஸ்விக் நகரத்து வைத்தியசாலைக்குத் தலைவரானார். 1957ஆம் ஆண்டு முதல் 1965ஆம் ஆண்டு வரை ஹாம்பர்க் துறைமுக வைத்தியசாலையைத் தலைமை தாங்கி நடத்தினார். மஜ்ஜைத் துவாரத்தைத் துளைக்கருவியால் ஒரே சீராக அகலப்படுத்திப் பருமனான ஆணியைச் செலுத்தும் வழியையும் வளர்த்தார்.

அவர் விடாது வற்புறுத்திய கொள்கை ஒன்றுண்டு. அஃதாவது முறிந்த இடத்தைத் திறத்தலாகாது என்பதே. இடுப்புப் புறத்தில் சிறிய வாய் ஒன்று திறந்து, எக்ஸ்ரே திரையை நோக்கிக்கொண்டே ஆணியைச் செலுத்த வேண்டும். முறிவிடத்தைச் சூழ்ந்த உதிரமும் சவ்வும் எலும்பு கூடுதற்குரிய செல்வம்; அவற்றைக் கலைத்தலாகாது. திறவாத இடத்தில் சீழ் பிடிக்கவும் வழி குறைவு. இக்கொள்கை சரியானதே என்பதை அவருக்குப் பின் வந்த பல்லாண்டுகள் மெய்ப்பித்தன.

ஆயினும் மூடிய கதவிற்கு ஒரு விலையுண்டு. திறந்து பார்க்கும் வைத்தியர் முறிந்த முனைகளின் பற்களை ஒன்றோடொன்று பொருத்திக் கூட்டலாம். திறவாதவருக்கு நிழற்படமே கண். அந்நிழற்படம் எலும்பு வளைந்திருந்தால் காட்டும், குறுகியிருந்தாலும் காட்டும், திருகியிருந்தால் எளிதிற் காட்டாது. ஒரு கரும்பை நடுவே வெட்டிக் கீழ்த்துண்டைச் சற்றே திருகி மீண்டும் பொருத்தி வைப்போமாயின், எப்பக்கம் நின்று நோக்கினும் கரும்பு நேராகவே தோன்றும். கணுவிலுள்ள முளைகள் மட்டுமே திசை மாறியிருக்கும். தொடையெலும்பும் அத்தகையதே. முழங்காற் சில்லும் பாதமும் அதன் முளைகள்.

இயற்கையாகவே தொடையெலும்பின் கழுத்து, முழங்காலின் குறுக்கச்சை நோக்கச் சிறிது முன்புறமாகத் திரும்பியுளது. வளர்ந்தவர்க்கு அத்திருப்பம் பெரும்பாலும் 10 முதல் 15 பாகை அளவினது. ஆளுக்கு ஆள் வேறுபடும். எலும்பு முறிந்தவுடன் மேற்றுண்டை இடுப்புத் தசைகள் ஒருபுறம் இழுக்கும். கீழ்த்துண்டோ பாதத்தின் பாரத்தால் மற்றொருபுறம் உருளும். மயக்கத்திற் கிடக்கும் நோயாளியின் காலைச் சிகிச்சை மேசையில் எத்திசை நோக்கிக் கட்டுகின்றனரோ அத்திசையிலேயே ஆணி அதனை நிறுத்திவிடும்.

குன்ட்ஷரின் ஆணிக்கு வேறொரு குறையும் இருந்தது. எலும்பின் நடுப்பகுதியில் துவாரம் குறுகலானது. அங்கு ஆணி நன்கு பற்றும். மேல் முனையிலும் கீழ் முனையிலும் துவாரம் அகன்றுவிடும். அவ்விடங்களில் முறிந்தாலும், எலும்பு பல துண்டாக நொறுங்கினாலும், ஆணி பற்றுக்கோடின்றி நிற்கும். அப்பொழுது கால் குறுகவும் செய்யும். ஆணியைச் சுற்றித் திருகவும் செய்யும்.

தம் குறையைத் தாமே நாடியது

தாம் கண்டதைப் புகழ்தலோடு நின்றுவிடுவோர் பலர். குன்ட்ஷர் அவ்வினத்தவரல்லர். தம் முதுமையில், 1968ஆம் ஆண்டில், ஆணியின் குறுக்கே எலும்பினூடு கம்பி பாய்ச்சி ஆணியையும் எலும்பையும் ஒன்றாகப் பிணிக்கும் புதியதோர் ஆணியை வெளியிட்டார். நொறுங்கிய எலும்பு குறுகாமல் நிறுத்தலே அதன் நோக்கம். அவ்வழியைப் பின்பற்றிக் கிளெம், ஷெல்மன் என்னும் ஜெர்மானிய வைத்தியர் இருவர் 1972ஆம் ஆண்டளவில் இருமுனையிலும் திருகாணி பூட்டும் முறையைச் செம்மை செய்தனர். இன்று நம் நாட்டில் ராடு வைத்தல் என்று மக்கள் வழங்குஞ் சிகிச்சையில் பெரும்பாலும் இடம்பெறுவது அவ்வழி வந்த பூட்டாணியே.

மற்றொன்றும் ஈண்டு நினைக்கத்தக்கது. திருகிக் கூடிவிட்ட எலும்பை மீண்டும் அறுத்துத் திருப்பி வைத்தாலன்றிக் கால் நேராகாது. அதற்கெனத் தொடையைப் பெரிதாகத் திறவாமல், மஜ்ஜைத் துவாரத்தின் வழியே உட்புகுந்து, உள்ளிருந்தே எலும்பை அறுக்கும் வாளொன்றையும் குன்ட்ஷரே அமைத்தார். திருகலை விளைக்கக்கூடிய முறையை வகுத்த கையே திருகலை நீக்குங் கருவியையும் வடித்தது.

அவர் மணஞ் செய்துகொள்ளவில்லை. குளிர்ந்த நீரில் நீந்துவதில் பெருவிருப்பினர். 1972ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் தேதி, 72 வயது நிறைந்து பதினொரு நாள் கழித்து, கடலோர ஊராகிய கிளுக்ஸ்பர்கில் தம் எழுதுமேசையின் முன்னமர்ந்தபடியே உயிர் துறந்தார். தம் நூலின் புதிய பதிப்பைத் திருத்திக்கொண்டிருந்த வேளையது. திருத்தம் முடியாமலே ஏடு நின்றது.

அவருக்குப் பின்

பூட்டாணி வந்தபின் திருகல் முற்றும் ஒழிந்ததோவெனின், ஒழியவில்லை. பூட்டு தன்னிடம் ஒப்புவித்ததைக் காக்கும்; நேராய் வைத்தால் நேராகவும், திருகி வைத்தால் திருகலாகவும் காக்கும். நெதர்லாந்து தேசத்து வைத்தியர் சிலர் தொடையெலும்பில் ஆணி வைக்கப்பெற்ற 76 பேரை ஸ்கேன் படத்தால் அளந்து 2004ஆம் ஆண்டில் முடிபுகளை வெளியிட்டனர். அவர்களுள் 28 விழுக்காட்டினர்க்கு இரு கால்களுக்குமிடையே 15 பாகையோ அதற்கு மேலோ திருகல் வேறுபாடு இருந்தது. வெளிப்புறமாகத் திருகியவர்க்கே துன்பம் மிகுதியாயிற்று என்றும் கண்டனர். 15 பாகைக்குக் குறைந்த வேறுபாட்டை உடம்பு பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். அதனை மிஞ்சினால் முழங்கால் வலி, படியேறுதலில் இடர், ஓடவியலாமை முதலியன தோன்றக்கூடும்.

இதனைத் தடுக்கும் வழிகளும் அறிந்தனவே. ஊனமில்லாத காலே அளவுகோல். சிகிச்சைக்கு முன்னரே அக்காலின் முழங்காற் சில்லை நேரே மேனோக்கி நிறுத்தி, இடுப்பை எக்ஸ்ரே திரையில் நோக்குவர். தொடையெலும்பின் மேற்பகுதியில் உட்புறமாக ஒரு சிறிய மேடுண்டு. எலும்பு சுழலுந்தோறும் அதன் உருவம் திரையில் பெருத்தும் சிறுத்தும் தோன்றும். நல்ல காலில் அது தோன்றிய அளவே முறிந்த காலிலும் தோன்றும்படி கீழ்த்துண்டைத் திருப்பி, அதன் பின்னரே பூட்டுவர். நோயாளி மேசையினின்று இறங்குமுன் இரு இடுப்புகளையும் உள்ளும் புறமும் சுழற்றி ஒப்பு நோக்குவர். ஐயம் எழுமாயின், முழங்காலையும் எலும்பின் கழுத்தையும் ஸ்கேனில் குறுக்காகப் படம் பிடித்துத் திருகலைப் பாகைக் கணக்கில் அளப்பர். சிகிச்சை நடந்த சின்னாட்களுக்குள் குறை தெரிந்தால் ஒரு முனையின் திருகாணிகளைக் கழற்றிக் காலை நேராக்கி மீண்டும் பூட்டிவிடலாம். எலும்பு கூடியபின் தெரிந்தால் அறுத்துத் திருப்புதலே வழி. அது பெரிய சிகிச்சை. மீண்டும் மாதக்கணக்கில் காத்திருத்தலும் வேண்டும்.

முடிவுரை

இவற்றை அறிந்தபின் நாம் ஊருக்குச் சென்றிருந்தபோது மாமாவைத் திண்ணையில் மல்லாந்து படுக்கச் சொல்லி, இரு முழங்கால்களையும் மடக்கி இடுப்பைச் சுழற்றிப் பார்த்தோம். இடக்கால் உட்புறமாக எளிதிற் சுழன்றது; வலக்கால் சிறிதே அசைந்து நின்றுவிட்டது. ஆண்டுகள் பல சென்றபின் தம் கால் திருந்தாமைக்குக் காரணம் தம் சோம்பலன்று என்று அறிந்த அப்பெரியவர் நெடுநேரம் பேசாதிருந்தார். மறுபடியும் எலும்பை அறுக்க அவர் மனம் இசையவில்லை. வயதாகிவிட்டது, இனி மரமேற வேண்டுவதில்லை என்று அமைந்துவிட்டார். முதல் வாரத்திலேயே எவரேனும் ஒருவர் இரு பாதங்களையும் ஒப்பிட்டு நோக்கியிருப்பின் அவர் வாழ்வு வேறாயிருத்தல் கூடும். இக்குற்றத்தை எவர்மீதும் சுமத்த நாம் எழுதவில்லை. நோக்க வேண்டியது இன்னதென்று அறியாமையே அங்கு நேர்ந்தது.

இப்பொழுது கடமலைக்குண்டிற்குச் செல்லுஞ் சாலை பிரியும் க.விலக்கிலேயே அரசாங்க மருத்துவக் கல்லூரி அமைந்துளது. மரத்தினின்று வீழ்வாரோடு மோட்டார் சைக்கிளினின்று வீழ்வாரும் இன்று பலர். நம் கல்லூரி மாணவர் சிலர் நாளை வைத்தியராகவும் தாதியராகவும் ஆவர். ஆகாதவரும் என்றேனும் ஒருநாள் உறவினர் ஒருவரின் கட்டிலருகே நிற்பர். அப்பொழுது படத்தில் எலும்பு நேராயிருப்பதைக் கண்டு மகிழ்வதோடு நில்லாமல், போர்வையை விலக்கி இரு முழங்காற் சில்லுகளும் இரு பாதங்களும் ஒரே திசையை நோக்குகின்றனவா என்று பாருங்கள். வேறுபாடு தோன்றினால் நாணாமல் வைத்தியரிடம் வினவுங்கள், நாள் கடத்தாதீர்கள்.

குன்ட்ஷர் தம் ஆணியால் மாதக்கணக்கிற் கிடந்தாரைச் சின்னாட்களில் எழுப்பினார், அது பேருதவி. அதனினும் பெரிதாக நாம் போற்றுவது, தம் படைப்பு எங்கே தவறுகின்றது என்பதை எழுபதை அணுகிய வயதிலும் அவர் தேடிக்கொண்டிருந்தமையே. அவர் மேசைமேல் நின்றுபோன திருத்தத்தைத் தொடர்தல் அவரால் பயனுற்ற தேசங்களிலுள்ளார் யாவர்க்கும் கடமையாம்.